வொண்டாவின் புருஷன் கட்டிய என்ஜின்

கிராசியன் இரிகாராயின் கறுப்பு வண்டி ஜெயிக்கும்போதெல்லாம் ஆர்லிஸ் டாக்கெட் கை தட்டுவான். உள்ளங்கை சிவக்கிற அளவுக்குத் தட்டுவான். தட்டி முடித்ததும் நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகளுக்குப் பின்னால் போய் நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, பாதியிலேயே கீழே போட்டு மிதிப்பான். அவன் மிதிக்கிற மிதியைப் பார்த்திருந்தால் யாருக்கும் விஷயம் விளங்கியிருக்கும். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கிராசியனைச் சுற்றி நின்றார்கள்.

பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்டுவிட்டு அப்புறம் யாரும் சீண்டாமல் கிடந்த ஓடுபாதை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் வயல்காரர்களும் பருத்திக் காட்டுக்காரர்களும் தங்கள் ஹாட் ராடுகளைக் கொண்டுவந்து அங்கே இரண்டிரண்டாக ஓடவிடுவார்கள். காயலான் கடையில் கிடந்த பழைய ஃபோர்டு உடம்பு, அதற்குள் அதைவிடப் பெரிய என்ஜின், கூரை கிடையாது, பானெட் கிடையாது. கால் மைல் தூரம். ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் கொட்டாவிக்காக வாரம் முழுக்கச் சம்பாதித்ததைக் கொண்டுபோய்க் கொட்டுகிற ஆட்கள்.

கிராசியன் ஆட்டுப்பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை, பாஸ்க் இனத்துக்காரன். பெரிய குரல், பெரிய சிரிப்பு. தன் வண்டியைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் கூட்டம் கூடிவிடும். அந்த என்ஜினின் எட்டு சிலிண்டர்களையும் உள்ளே குடைந்து அகலமாக்கி, 'போர்' பண்ணிக் கொடுத்தது ஆர்லிஸ். எண்ணெய் வயல் பம்ப் பட்டறையில் அவன் லேத்தில் நிற்பவன். கேட்டதற்காகச் சும்மாவே செய்து கொடுத்தான். கண்ணாடி மாதிரி வந்திருந்தது வேலை.

ஒருநாள் ஒரு வெளியூர்க்காரன் கிராசியனிடம் கேட்டான், ஆர்லிஸ் பக்கத்தில் நிற்கும்போதே.

"சிலிண்டர் வேலையெல்லாம் யாருகிட்டண்ணே குடுத்தீங்க?"

"அதா? இங்கதான், பட்டறைல யாரோ ஒருத்தன்" என்று சொல்லிவிட்டு கிராசியன் கார்புரேட்டரைக் காட்டப் போய்விட்டான்.

யாரோ ஒருத்தன். அந்த இரண்டு சொல்லும் ஆர்லிஸின் நெஞ்சில் முள் மாதிரி இறங்கி அங்கேயே தங்கிவிட்டன. சின்ன வயதில் ஓக்லஹோமாவிலிருந்து லாரியின் பின்பக்கம் மெத்தைகளுக்கு மேல் உட்கார்ந்து வந்தவன் அவன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவனை ஒரு வருஷம் பூராவும் அவன் அண்ணன் பேரைச் சொல்லியே கூப்பிட்டார். அவனும் திருத்தவில்லை. கப்பற்படையில் லேத் கற்றுக்கொண்டு, ஆயில்டேலில் சின்ன வீடு வாங்கி, வொண்டாவைக் கட்டிக்கொண்டு, இனிமேல் நாமும் ஒரு ஆள் என்று நினைத்திருந்தான். கிராசியன் அதை ஒரே வாக்கியத்தில் கலைத்துவிட்டான்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, வொண்டா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி வந்து நின்றது. அதன் மேல், கதவெல்லாம் துருப்பிடித்த ஒரு ஃபோர்டு ரோட்ஸ்டர். லாரிக்காரனோடு ஆர்லிஸ் இறங்கினான். காலையில் அவன் ஓட்டிக்கொண்டு போன வீட்டுக் காரைக் காணோம்.

"நம்ம வண்டி எங்க?"

"இதான் இனிமே நம்ம வண்டி."

வொண்டா துணிக்கூடையை இடுப்பில் வைத்தபடியே அதை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"கூரை எங்க?"

"கூரை எதுக்கு, வீண் கனம்."

"என்ஜின்?"

"பாதி லாரில இருக்கு. மீதி அந்தச் சாக்குல."

"கூரை இல்ல. என்ஜின் சாக்குல இருக்கு. அப்ப நாளைக்கு நான் வேலைக்கு எதுல போறது ஆர்லிஸ், சாக்குலயா?"

அவள் ஷாஃப்டரில் உருளைக்கிழங்கு தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தாள். நல்ல தூரம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பக்கத்து வீட்டுக்காரர் லாரியில், அவருக்கும் அவர் நாய்க்கும் நடுவில் இடுக்கி உட்கார்ந்து போய் வந்தாள். இறங்கும்போது மேலெல்லாம் நாய் மயிர். ஆர்லிஸிடம் ஒரு வாரம் அவள் பேசவில்லை. அதற்கப்புறம் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அதற்கும் அப்புறம் உள்ளே வந்து, "எதையாவது பிடிக்கணும்னா சொல்லு. சும்மா நின்னா குளிருது" என்றாள்.

அது பழைய மெர்க்குரி என்ஜின். ஆர்லிஸ் அதை நட்டு நட்டாகக் கழற்றினான். இரும்பு உடம்பைச் சோடாக்காரம் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து வருஷக்கணக்கான கசடைப் போக்கினான். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே சுண்ணாம்புத் தூளைப் பூசச் சொன்னான். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். வொண்டா மூக்கு நுனியெல்லாம் வெள்ளையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கோடு இல்லை.

வெளியே மூடுபனி ஷெட் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு கெரசின் ஹீட்டர், ஒரு பல்பு, இரண்டு பேர். ஊரில் பார்க்கிறவர்களுக்கு அது புருஷனும் பெண்டாட்டியும் ஆசையாக ஒரு வண்டி கட்டுவதாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஷெட்டில் மூன்றாவதாக ஒரு ஆளும் இருந்தான். ஒவ்வொரு அளவையும் அவன்தான் தீர்மானித்தான். கிராசியனுக்கு இரண்டு கார்புரேட்டர் என்றால் ஆர்லிஸுக்கு மூன்று. கிராசியனுடைய சிலிண்டரை எந்த அளவுக்குக் குடைந்தோம் என்பது அவனுக்கு மனப்பாடம். அதைவிட ஒரு மயிரிழை கூடுதலாகத் தன்னுடையதைக் குடைந்தான். இரும்புச் சுவர் மெலிந்து போகும், என்ஜின் சூடாகும் என்று அவன் கைக்கே தெரியும். பட்டறையில் வேறு யாராவது அப்படிச் செய்யக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று தடுத்திருப்பான்.

பிப்ரவரியில் அது முதல் தடவையாக உறுமியது. வொண்டா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆர்லிஸ் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, கிராசியனுடையதைவிடச் சத்தம் கூடவா குறைச்சலா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அதை ஓட்டுவதற்கு ஆன செலவு வேறு கதை. பெரும்பாலும் அந்தப் பணத்தைக் கொடுத்தது வொண்டாதான், ஏனென்றால் தினமும் ஷாஃப்டருக்கு அதில் போக வேண்டியவள் அவள். மூன்று கார்புரேட்டரும் சேர்ந்து மாடு தண்ணீர் குடிப்பது மாதிரி பெட்ரோல் குடித்தன. பங்க்கில் ஊற்றுகிற ஹார்லி கிழவர் ஒருநாள் சொன்னார்:

"என்ஜின நிறுத்தும்மா. ஓடிக்கிட்டிருந்தா நான் ஊத்துறதவிட அது குடிக்கிறது ஜாஸ்தியா இருக்கு."

அவள் சம்பளத்தில் ஒரு பங்கு அந்தக் குழாய் வழியாகத்தான் போயிற்று. அந்த வருஷம் புதுச் செருப்பு இல்லை, பல் வைத்தியம் இல்லை. மழை வந்தால் ஆர்லிஸின் கப்பற்படை மழைக்கோட்டைத் தலையோடு போர்த்திக்கொள்வாள். வெயில் வந்தால் ரயில்வே கேட்டில் நிற்கும்போது தண்ணீர் கொதித்துவிடும், அதற்கு ஒரு கேன் தண்ணீர் காலடியில் எப்போதும் வேண்டும். மதியச் சாப்பாட்டு முட்டை சாண்ட்விச்சில் பெட்ரோல் வாடை. கிளட்ச் மிதித்து மிதித்து இடது கெண்டைக்கால் மட்டும் கல்லாகிவிட்டது. சத்தத்துக்காகப் போலீஸ்காரர் இரண்டு முறை நிறுத்தினார். சர்ச்சில் பக்கத்துப் பெஞ்சுப் பெண்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் அப்படித் தினமும் போய் வந்ததில் அவளுக்கு அந்த என்ஜினின் குணம் பிடிபட்டுவிட்டது. எந்தச் சத்தத்துக்குக் காலை எடுக்க வேண்டும், எந்தச் சத்தத்துக்கு எடுக்கவே கூடாது, கியர் எந்த இடத்தில் தானாக வழுக்கிக்கொண்டு விழும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தராமலே வந்தது.

ஆர்லிஸுக்கு அது வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓடுபாதையில் கிராசியனுக்குப் பக்கத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவன் பார்வை தானாகக் கறுப்பு வண்டிப் பக்கம் போகும். கொடி இறங்கியதும் ஆத்திரத்தில் மிதிப்பான். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிப் புகையும். கியர் மாட்டாது, கிரீச்சிடும். அந்த வசந்த காலம் முழுக்க அவன் தோற்றான். ஒவ்வொரு முறையும் கிராசியன் வந்து முதுகில் தட்டி, "வண்டி நல்லா இருக்குடா, கொஞ்சம் நிதானமா விடு" என்று சொல்லிவிட்டுப் போவான். அந்தத் தட்டலை ஆர்லிஸ் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வாரம் முழுக்க வைத்துக்கொண்டிருப்பான்.

மே மாதம் பெண்களுக்கென்று ஒரு சுற்று வைத்தார்கள். பரிசு, புகையில் வாட்டிய ஒரு முழுப் பன்றித்தொடை. வொண்டாவுக்கு அந்தத் தொடை மேல் கண்.

"ஓட்டட்டுமா?"

"ஓட்டேன். பூட்ஸ கழட்டிட்டு ஓட்டு, அப்பதான் மிதி கால்ல தெரியும்" என்றான் ஆர்லிஸ், பெரிய மனசோடு.

அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறினாள். கொடி இறங்கியது. சக்கரம் புகையவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி வண்டி ஒரே நேராகப் போயிற்று. மற்ற பெண்களெல்லாம் எங்கோ பின்னால். ஒலிபெருக்கியில் நேரத்தை வாசித்தபோது கூட்டம் ஓ என்று கத்தியது. ஆர்லிஸ் அந்த வண்டியில் எடுத்த எந்த நேரத்தையும்விட அது குறைவு. கிராசியனுடைய நேரத்தை ஒட்டி வந்துவிட்டது.

கிராசியன் சும்மா இருப்பானா? தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் போய், "எங்கூட ஒரு ஓட்டம் ஓடுறீங்களா டாக்கெட் வீட்டம்மா?" என்றான்.

"தோத்தா அழக் கூடாது" என்றாள் வொண்டா.

ஓடினார்கள். ரேடியேட்டர் மூடி அளவு வித்தியாசத்தில் அவள் முந்தினாள்.

அன்று மாலை கிராசியன் எல்லோரையும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பாஸ்க் சாப்பாட்டு விடுதிக்குக் கூட்டிப்போனான். நீள மேஜை, சூப்பும் பீன்ஸும், ஊறவைத்த மாட்டு நாக்கு, ரொட்டி மலை. கிராசியன் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தினான். ஆர்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்போதாவது என்ஜினைப் பற்றிச் சொல்வான் என்று அவன் காது காத்திருந்தது.

"அம்மா வொண்டா! இத்தன வருஷத்துல என் முன்னாடி போன வண்டியோட பின்பக்கத்த இன்னிக்குத்தான் பாக்குறேன். டேய் ஆர்லிஸ், நீ குடுத்து வச்சவன்டா!"

மேஜை முழுக்கச் சிரித்தது. ஆர்லிஸும் சிரித்தான். வாயிலிருந்த நாக்குத் துண்டு முழுங்க முடியாமல் அங்கேயே நின்றது.

மறுநாள் பட்டறைக்குள் நுழைந்தபோதே ஃபோர்மன் குரல் கொடுத்தார்: "வழி விடுங்கப்பா, வொண்டா புருஷன் வர்றாரு!"

"ஏம்ப்பா, வீட்லயும் ஸ்டியரிங் அவங்க கைலதானா?" என்றான் இன்னொருத்தன்.

அது பட்டறையில் நிலைத்துவிட்டது. வாரா வாரம் வொண்டா ஓட்டினாள், பெரும்பாலும் ஜெயித்தாள். வெளியூர்க்காரர்கள் வந்து 'வொண்டா வண்டி எது' என்று கேட்டார்கள். அதுவரை கிராசியன் மேல் இருந்த எரிச்சல் மெல்ல இடம் மாறி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததை ஆர்லிஸ் தானே கவனித்தான், தடுக்க முடியவில்லை. மாலையில் அவள் தெருமுனையில் திரும்பும்போது கியர் மாறுகிற சத்தம் கேட்கும். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. அவன் கையில் ஒரு நாளும் அந்தச் சத்தம் வந்ததில்லை. எலும்பு எலும்பாக அவன் பொறுக்கிச் சேர்த்த என்ஜின், அவனிடம் உர் என்று இருந்துவிட்டு அவளிடம் போய்க் கொஞ்சுகிறது. கிராசியன் அவளோடு நின்று ஏதோ சொல்ல அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பதையும் பார்த்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிறு காலை. வொண்டா உள்ளே தலைக்குச் சுருள் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆர்லிஸ் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியருகே போனான். சிலிண்டர்களுக்கு நெருப்புப் பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, அதைக் கொஞ்சம், ஒரே கொஞ்சம், பின்பக்கமாகத் திருப்பி மறுபடி முடுக்கினான். டைமிங் தாமதமாகும். பொறி பிந்தி விழும். வண்டி சோம்பும். இன்றைக்கு ஒரே ஒரு நாள் அவள் தோற்கட்டும், சாயங்காலமே சரி பண்ணிவிடுவோம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான். கை நடுங்கவில்லை. அதைப் பின்னாளில் அவன் அடிக்கடி நினைத்தான்.

அந்த நாள் வெயில் ஓடுபாதைத் தாரையே இளக்கியது. முதல் ஓட்டத்தில் வண்டி சோம்பியது, ஆனாலும் எதிராளி மோசம் என்பதால் அவள் ஜெயித்துவிட்டாள். திரும்பி வந்து, "என்னமோ இழுக்க மாட்டேங்குது ஆர்லிஸ், பாக்குறியா?" என்று கேட்டாள்.

"வெயில்தான். ஒண்ணுமில்ல" என்றான்.

அந்த இடத்தில் அவன் வாயைத் திறந்திருக்கலாம்.

இரண்டாவது ஓட்டத்தில் வண்டி இழுக்காததற்கு ஈடாக அவள் காலை எடுக்காமல் அழுத்தினாள். தாமதமாக எரிந்த நெருப்பெல்லாம் இரும்பைச் சுட்டது. மெலிந்துபோயிருந்த சிலிண்டர் சுவர் தாங்கவில்லை. முக்கால் தூரத்தில் படார் என்று ஒரு சத்தம். ரேடியேட்டர் குழாய் பிய்ந்து, கொதிக்கிற தண்ணீரும் ஆவியும் வெள்ளைத் திரையாக எழுந்து அவள் மேல் விழுந்தன. வண்டி பாதையை விட்டு விலகி, காய்ந்த முட்செடிகளுக்குள் குதித்துக் குதித்துப் போய் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது.

ஆர்லிஸ் ஓடினான். அவனுக்கு முன்னால் இன்னொருவன் ஓடிக்கொண்டிருந்தான். கிராசியன். கையில் தண்ணீர் கேனோடு அவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான், அவளைத் தூக்கி இறக்கி, கழுத்திலும் கையிலும் தண்ணீரைக் கொட்டினான். அதைப் பார்த்துக்கொண்டே ஓடியபோது ஆர்லிஸின் நெஞ்சில் முதலில் எழுந்தது பயமில்லை. இவன் ஏன் எனக்கு முன்னால் போனான் என்ற ஆத்திரம்தான் முதலில் எழுந்தது. இரண்டு எட்டு வைத்த பிறகுதான், தான் என்ன நினைத்தோம் என்பது அவனுக்கே உறைத்தது. அந்த முட்களுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

வொண்டாவுக்கு இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கழுத்தில் ஒரு பக்கம் வெந்துபோயிருந்தது. கொப்புளம் வற்றுவதற்கு ஆகஸ்ட் ஆகிவிட்டது. கொட்டகைக்கு வேலைக்குப் போக முடியவில்லை. ஆர்லிஸ் சமைத்தான், துணி துவைத்தான், கட்டு மாற்றினான். அவள் வலியில் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் சொல்லிவிட வாயெடுப்பான். வராது.

ஒருநாள் அவன் வேலையிலிருந்து வந்தபோது அவள் ஷெட்டில், செத்த என்ஜினுக்கு முன்னால் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க வா. இத பாரு."

டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் ஒரு சிவப்புக் கோடு. நகச்சாயம். அதற்கு நேராக என்ஜின் உடம்பிலும் ஒரு கோடு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை.

"மார்ச்ல ரயில்வே கேட்டு பக்கத்துல குலுங்கினதுல இந்த போல்ட்டு லூசாகி வண்டி நின்னு போச்சு. நானே சரி பண்ணேன். மறுபடி ஆனா தெரியணும்னு கோடு போட்டு வச்சேன். உங்கிட்ட சொல்லல, நீ திட்டுவன்னு." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "போல்ட்டு லூசாகல ஆர்லிஸ். நல்லா முடுக்கித்தான் இருக்கு."

ஆர்லிஸ் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தான்.

"நான்தான்."

"எதுக்கு?"

"நீ ஒரு தடவ தோக்கணும்னு." என்ஜினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒரே ஒரு தடவ. எல்லாரும் ஒன் பேரையே..."

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, அது வேறு யாருடைய கையோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டாதன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். "அது ஒனக்குத் தெரியும். அதான் சொல்லாம செஞ்ச." எழுந்தாள். "கை ஆறினதும் நான் கிராசியன் வண்டிய ஓட்டப் போறேன். அவரு கேட்டிருக்காரு. ஒன் கை பட்டதுல இப்ப என்னால உக்கார முடியாது. வயிறு எரிஞ்சா எரியட்டும், நல்லா எரியட்டும்."

அவள் சொன்னபடியே செய்தாள். செப்டம்பரில் கறுப்பு வண்டியில் அவள் ஓடுவதை ஆர்லிஸ் போய்ப் பார்த்தான். வேலிக்கு வெளியே நின்றான். அவள் ஜெயித்தாள். அவன் கை தட்டவில்லை, சிகரெட்டும் பற்றவைக்கவில்லை. அந்த வாரமே ஒருநாள் மலையடிவாரத்து ஆட்டுப்பண்ணைக்குப் போனான். கிராசியன் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தான்.

ஆர்லிஸ் ஒன்றும் விடாமல் சொன்னான். கிராசியன் கடைசிவரை கேட்டான். அப்புறம் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி, ஆடுகள் குடிக்கிற தொட்டிக்குள் அப்படியே போட்டான். ஆர்லிஸ் எழ முயன்றபோது மறுபடி அமுக்கினான். மூன்றாவது முறை விட்டுவிட்டான்.

"அந்தப் பொண்ணு செத்திருக்கும்டா."

"தெரியும்."

பாசி பிடித்த தண்ணீரில் ஆர்லிஸ் உட்கார்ந்திருந்தான். ஆடுகள் சுற்றி நின்று பார்த்தன. கிராசியன் இரண்டடி நடந்துபோய்த் திரும்பினான்.

"என்ஜின் ப்ளாக் எங்க வெடிச்சிது?"

"மூணாவது சிலிண்டர்."

"எவ்வளவு போர் பண்ண?"

"ஒன்னோடதவிட ஒரு மயிரிழ கூட."

"அவ்வளவு தாங்காதே. ஒனக்கே தெரியுமே. ஏன் பண்ண?"

"ஒன்னோடதவிடக் கூட இருக்கணும்னு" என்றான் ஆர்லிஸ். வந்தது வந்துவிட்டது, அதையும் கேட்டுவிட்டான். "அன்னிக்கு அந்த வெளியூர்க்காரன்கிட்ட என் பேர ஏன் சொல்லல? யாரோ ஒருத்தன்னு சொன்ன."

கிராசியன் அவனை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"சொன்னா? அவன் நேரா ஒன் பட்டறைக்கு வருவான். அடுத்த வாரம் இந்தப் பள்ளத்தாக்கு ஊர்கள்ல இருக்கிற அத்தன பயலும் வருவான். அத்தன வண்டியும் என் வண்டி மாதிரி ஓடும். எனக்கென்ன கிறுக்கா, ஒன் பேர வெளிய சொல்ல?"

ஆர்லிஸுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. முகமெல்லாம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவன் இன்னொரு என்ஜின் கட்டினான். ஷெட்டில் தனியாக. வொண்டா வரவில்லை, அவன் கூப்பிடவும் இல்லை. அதற்கு முன்னால் அவளுக்கு வேலைக்குப் போக ஒரு பழைய மூடிய கார் வாங்கிக் கொடுத்திருந்தான், கூரையும் ஹீட்டரும் உள்ளது. புது என்ஜினில் இரும்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் குடைந்தான். கார்புரேட்டர் இரண்டு. மார்ச்சில் அதைப் பழைய ரோட்ஸ்டரில் மாட்டி முடித்ததும் வீட்டுக்குள் போய், "டைமிங் வைக்கப் போறேன். நீ பாக்கணும்" என்றான்.

அவள் வந்து நின்று பார்த்தாள். அவன் முடுக்கி முடித்ததும் ஸ்பேனரை அவன் கையிலிருந்து வாங்கி, தானே ஒரு முறை முடுக்கிப் பார்த்தாள். அப்புறம் வண்டியில் ஏறித் தெருமுனை வரை போய் வந்தாள்.

"பழசவிட நல்லாருக்கு" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவள் சொன்னதாக யாரும் கேட்டதில்லை. ஆனால் கோடையில் அந்த வண்டியைத்தான் ஓட்டினாள்.

ஓடுபாதையில் ஒலிபெருக்கிக்காரர் இப்போது 'வொண்டா டாக்கெட், என்ஜின் கட்டியது ஆர்லிஸ் டாக்கெட்' என்று சேர்த்தே வாசித்தார். கிராசியன் போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்த வேலை. இனி மறைத்து என்ன பிரயோஜனம் என்று நினைத்திருப்பான். முதல் தடவை தன் பேரைக் கேட்டபோது ஆர்லிஸுக்குக் காது சூடாயிற்று. சரியாக ஒரு வாரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. அடுத்த ஞாயிறு கூட்டம் மறுபடி வொண்டாவைத் தூக்கிக் கொண்டாடியபோது வயிற்றில் அதே பழைய எரிச்சல். அது போகவே இல்லை. அவன் செய்ததெல்லாம், எரிச்சல் வந்தால் அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது.

"இன்னிக்கு எனக்குப் பயங்கர பொறாம."

"எவ்வளவு?"

"அந்த ரெட்டிங் ஊர்ப் பயல் ஒங்கிட்ட கையெழுத்து கேட்டப்ப ரொம்ப."

"சரி. தண்ணி கேன எடு" என்பாள் அவள்.

பல வருஷம் அப்படி ஓடியது. பம்ப் பட்டறையை விட்டு அவன் நெடுஞ்சாலை ஓரத்தில் சொந்தமாக சிலிண்டர் போரிங் கடை போட்டான். கிராசியன் பயந்தபடியே பள்ளத்தாக்கிலிருந்த அத்தனை பயல்களும் வந்தார்கள். கிராசியனும் வந்தான், வரிசையில் நின்றான், எல்லோரையும் திட்டினான். வொண்டா பிற்பாடு உருளைக்கிழங்குக் கொட்டகையில் மேற்பார்வையாளர் ஆகி, ஓடுபாதையை விட்டாள். முழுக்கைச் சட்டைதான் போடுவாள், வெயில் காலத்திலும்.

அவள் நிறுத்தி வெகுநாள் ஆன பிறகும், ஃப்ரெஸ்னோ பக்கத்திலிருந்தோ எங்கிருந்தோ யாராவது ஒரு பையன் லாரியில் என்ஜினைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பான். ஆர்லிஸ் கைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவான். பையன் அவன் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்பான்:

"வொண்டாம்மா இருக்காங்களா சார்?"

ஆர்லிஸின் தாடை ஒரு கணம் இறுகும்.

"இருக்கா, உள்ள டீ குடிச்சிக்கிட்டிருக்கா. போய்ப் பாரு" என்பான். "ப்ளாக்க மொதல்ல இங்க எறக்கிட்டுப் போ."